கேட்காமல் விட்ட கட்-ஆஃப்

1. ஜென்செட்டில் டீசல் இல்லை

இறால் பெட்டி திருவொற்றியூரில் நிற்கிறது, முன்னால் டிரெய்லர் வரிசை அசையவில்லை, பெட்டியைக் குளிராக வைத்திருக்கும் ஜென்செட்டில் டீசல் தீரப்போகிறது. இந்த மூன்று செய்திகளையும் டிரைவர் ஒரு பெட்டிக்கடை போனிலிருந்து ஒரே மூச்சில் சொன்னார். செல்போன் முதலாளிகளிடம் மட்டும் இருந்த காலம் அது.

நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களுக்காகச் சுங்கத்திலும் துறைமுகத்திலும் ஓடி அலைந்து சரக்கை நகர்த்தித் தருகிற தொழில். கன்டெய்னரைப் பெட்டி என்போம். வாடிக்கையாளரைப் பார்ட்டி என்போம். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கட்-ஆஃப் உண்டு. அந்த நேரத்துக்குள் பெட்டி துறைமுகக் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பெயர் ஷட்-அவுட். பார்ட்டி அப்போது நமக்கு வைக்கும் பெயரை இங்கே அச்சில் தர இயலாது.

அன்று மாலைதான் கட்-ஆஃப். நான் என் மேஜையில் உட்கார்ந்து ஜென்செட் டீசலுக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டிரெய்லர்காரர் பொறுப்பு என்று வாசித்துச் சொன்னேன். ஐயத்துக்கு இடமில்லை. எதிரே நின்ற டொமினிக் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"வாத்யாரே, நீ சொல்றது கரீட்டு. ஆனா அத்த இறால்கிட்ட யாரு போய் சொல்றது? அது கெட்டுப்பூடும்ல?"

டொமினிக் எங்கள் டாக் கிளார்க். துறைமுகத்துக்குள் ஓடுகிற வேலையெல்லாம் அவனுடையது. காசிமேட்டுப் பையன். அவன் அண்ணன்கள் இருவரும் விசைப்படகில் போகிறவர்கள். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நான் எம்.காம். படித்தவன் என்பதால் என்னை வாத்யாரே என்பான். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. எந்தப் பாதி எப்போது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

அவன் நேராக அண்ணன் படகுக்குப் போனான். படகு டீசலை ஒரு கேனில் வாங்கி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு, எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்ற லாரிகளுக்கு இடையே புகுந்து போய் ஜென்செட்டில் ஊற்றிவிட்டான். இது எந்த நடைமுறையிலும் இல்லை. இறால் பிழைத்தது.

ஆனால் வரிசை நகரவில்லை. அப்படியானால் கப்பல் கம்பெனியிடம் கட்-ஆஃப் நேரத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அது என் வேலை. லெட்டர்ஹெட்டில், காரணத்தோடு, இரண்டு பிரதிகளாகக் கடிதம் அடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் கடிதத்தைத் தொடக்கூட இல்லை.

"இத டைப் அடிக்கிற நேரத்துல ஒரு போன் போட்டிருக்கலாமே சார்? வாயால கேட்டா போதும். லெட்டர் நாளைக்கு வரட்டும்."

"விதிப்படி எழுத்துல..."

"விதி கிடக்கட்டும் சார். நாங்களா கூப்பிட்டு, உங்களுக்கு நேரம் வேணுமான்னு கேக்க மாட்டோம். நீங்க கேட்டா பெரும்பாலும் இல்லைன்னு சொல்ல மாட்டோம். அவ்ளோதான் இதுல விஷயம். கப்பலே லேட்டாதான் வருது. காலைல வரைக்கும் எடுத்துக்குங்க."

மறுநாள் காலை பெட்டி உள்ளே போனது. அண்ணாச்சி, அதாவது எங்கள் முதலாளி, எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார். அவர் பிரியாணி வாங்கித் தருவது அபூர்வம். அதனால்தான் இவ்வளவும் நினைவில் இருக்கிறது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. மாடியறை

அந்த வருடம் எனக்கு இருபத்தொன்பது. அந்த வயதில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பொழுதுபோக்காகப் படித்துக்கொள்ளலாம்.

இருபத்தொன்பதில் ஒருவனுக்கு அறிவு வருகிறதோ இல்லையோ, கணக்குப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. கூடப் படித்தவர்களில் ஒருவன் வங்கியில், ஒருவன் துபாயில், ஒருவன் மாமனார் கடையில். எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் வயது வரம்பு என்ற கட்டத்தில் முப்பது என்று போட்டிருந்தது. வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். என் தொழிலை விளக்கினேன். விளக்கம் முடிவதற்குள் பஜ்ஜி தீர்ந்துவிட்டது. முப்பதில் ஒரு கேட் இருக்கிறது, அதற்குள் எதிலாவது நுழைந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஷட்-அவுட் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதில் நுழைவது என்பதுதான் தெரியவில்லை.

கையில் ஒன்றே ஒன்று இருந்தது. ஏஜென்சி லைசென்ஸுக்கான பரீட்சையில் அந்த வருடம்தான் தேறியிருந்தேன். எழுத்துத் தேர்வு, நேர்முகம் இரண்டும். எங்கள் அலுவலகத்தில் அதில் தேறியவர் எனக்கு முன்னால் ஒருவர்தான், அண்ணாச்சியின் பங்குதாரர். தேறியவர் ஒருவர் பேரில் நின்றால்தான் ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ். அவர் இல்லையென்றால் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

டொமினிக்குக்கு இது புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மத்தியானம் என்னைக் கல்மண்டபத்துக்கு அழைத்துப் போனான். ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியறை. ஜன்னல், ஒரு மின்விசிறி, சுவரில் பழைய காலண்டர் மாட்டிய ஆணி.

"எப்டிகீது?"

"எதுக்கு?"

"எதுக்கா? நம்ம ஆபீஸு வாத்யாரே! பரீட்ச பாஸ் பண்ணிக்கினு இன்னும் எத்தினி நாளு அண்ணாச்சிக்கு டீ சொல்லிகினு இருப்ப? லைசென்ஸு உன்னிது. பார்ட்டி என்னிது. காசிமேட்ல மீனு எக்ஸ்போர்ட் பண்றவன் அத்தினி பேரும் என்னை மூஞ்சி பாத்து பேசுறவன். ஒனக்கு இங்க டேபிளு. எனக்கு அங்க டேபிளு. என் டேபிள்மேல என் பேரு போட்ட கட்டை ஒண்ணு. அவ்ளோதான், வேற ஒண்ணும் நான் கேக்கல."

"டொமினிக், இதுல நிறைய ஃபார்மாலிடி இருக்கு."

"அத்த நீ பாரு. அதுக்குதான நீ. ஆனா ஒண்ணு. அண்ணனுங்க மீன் புடிக்க புது போட்டு கட்றாங்க. பங்கு சேர்றதுன்னா இப்பவே சேரணும். மரம் வாங்கிட்டா அப்பால கிடையாது. எனக்கு முப்பது ஆவுற அன்னிக்கு சொல்லிட்றேன்னு சொல்லிகிறேன். நீ வந்தா ஆபீஸு. வர்லன்னா போட்டு. முப்பது தாண்டி நான் நடுவுல நிக்க மாட்டேன் மாமு, அசிங்கம்."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே ஐஸ் வண்டி ஒன்று நீர் சொட்டிக்கொண்டே போனது. எனக்கு ஆசையாக இருந்தது. அதைச் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். "பார்க்கலாம்" என்று சொன்னதாகத்தான் ஞாபகம்.

3. ஒரே ஒரு வருடம்

சில வாரங்களில் அண்ணாச்சியின் பங்குதாரருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மதுரைக்கு மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். அண்ணாச்சி என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அதுவரை எனக்குக் காட்டாத நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க தம்பி. காபி குடிச்சியளா?"

"ஆச்சு அண்ணாச்சி."

"இன்னொண்ணு குடிங்க. நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். அவரு போயிட்டாருன்னா லைசென்ஸு நிக்காது. அது ஒங்களுக்கே தெரியும், எனக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்திய. எத்தனை குடும்பம் இதை நம்பிக் கெடக்கு பாருங்க. ஒங்க பேரைப் போட்டுக்கிடுவோம். ஒரே ஒரு வருசம். அதுக்குள்ள நான் வேற ஆளப் பாத்துருதேன். பொறவு நீங்க எங்க வேணும்னாலும் போங்க, நானே மாலை போட்டு அனுப்புதேன்."

அவர் பொய் சொல்லவில்லை. குடும்பங்கள் இருந்தன. ஒரு வருடம் என்பதையும் மனதாரத்தான் சொன்னார். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு லைசென்ஸுக்கு நிற்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் மாடியறை ஒரு வருடம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அடுத்த வருடம் முறைப்படி விடுவித்துக்கொண்டு, டொமினிக்கோடு போய்விடலாம். என் மனதில் இது முழுமையான, குறையற்ற திட்டமாக இருந்தது. சரி என்றேன்.

இதில் பெருமையும் இருந்தது. அன்று மாலை பஸ்ஸில் போகும்போது இந்தக் கம்பெனி என் மேல்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தொன்பதில் அப்படி ஏதாவது ஒன்று தேவையாக இருக்கிறது. எனக்குப் பின்னால் நின்றவர் என் காலை மிதித்ததைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

4. விளக்கம்

டொமினிக்கின் பிறந்தநாள் வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தான். என் மேஜைக்குக் கடைசியில் வந்து, அதன் மூலையில் உட்கார்ந்தான்.

"இன்னிக்கு முப்பது. நாளைக்கு அண்ணன் மரம் வாங்க போறான். இன்னா சொல்ற வாத்யாரே?"

நான் விளக்கினேன். பங்குதாரர் விலகியது, என் பேர் லைசென்ஸில் ஏறியது, ஒருவர் இரண்டில் நிற்க முடியாதது ஏன், விடுவிப்புக்கு என்னென்ன வேண்டும், எந்த வரிசையில் வேண்டும். தெளிவான விளக்கம். யாருக்கும் புரிந்திருக்கும்.  அவன் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ இப்போ கீதா, இல்லியா?"

"இப்போதைக்கு முடியாது டொமினிக். அதான் சொன்னேனே, விதிப்படி..."

"செரி, செரி. விதி கீதுன்னா நீ இன்னா பண்ணுவ." கேக்கை என் மேஜையில் வைத்தான். "துன்னு. எங்க அம்மா செஞ்சது. ரம் போட்ருக்கு, அண்ணாச்சிகிட்ட சொல்லிடாத."

அடுத்த வாரம் வேலையை விட்டான். துறைமுகத்துக்குள் போகச் சுங்கம் அவனுக்குக் கொடுத்திருந்த கார்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அந்த நடைமுறையை நான்தான் செய்து கொடுத்தேன். எந்தக் குறையும் இல்லாமல் ஒரே நாளில் முடிந்தது. சுங்கத்தில் இருந்தவரே பாராட்டினார்.

ஒரு வருடம் முடிந்தது. அண்ணாச்சி நினைவுபடுத்தவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வது? டொமினிக் கடலில் இருந்தான். பார்ட்டிகளிடம் எனக்கு முகம் பார்த்துப் பேசத் தெரியாது.

5. பொன்னாடை

அதன் பிறகு நடந்ததை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம், அதுவே ஒரு செய்திதான். கல்யாணம் ஆனது. மேனேஜர் ஆனேன். ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிச் சுங்கப் படிவம், கம்ப்யூட்டருக்குப் போனது. பெட்டிகள் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் போகத் தொடங்கின. சின்னப் பையன்கள் சந்தேகம் கேட்க வந்தார்கள், விதி எண்ணோடு பதில் சொன்னேன், எனக்குப் பின்னால் சிரித்தார்கள். கம்பெனி என் மேல்தான் நிற்கிறது என்ற நினைப்பு மட்டும் கூடவே இருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லாத நாட்களில் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

அண்ணாச்சி காலமான பிறகு அவர் மகன் பரீட்சையில் தேறினான். நான் ஓய்வு பெற்ற நாளில் ஒரு படிவத்தோடு வந்தான்.

"அங்கிள், ஒரு கையெழுத்து. உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடணும்."

வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்து, கையெழுத்துப் போட்டேன். பொன்னாடை போர்த்தினார்கள். சுவர்க் கடிகாரம் தந்தார்கள். மறுநாள் கம்பெனி வழக்கம்போலத் திறந்தது.

6. பார்ட்டிதான் கேட்க வேண்டும்

ஓய்வு பெற்றவனுக்கு மீன் வாங்கப் போவது ஒரு உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில், ஏலக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் என் முதுகில் வந்து விழுந்தது.

"ஏய் வாத்யாரே! தலைல இருந்த முடி எல்லாம் ஷட்-அவுட் ஆயிடுச்சா?"

டொமினிக் ஒரு கூடைக்குப் பின்னால் நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். வயிறு பெருத்திருந்தது. வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இடையிடையே பார்த்திருக்கிறோம், கல்யாணத்தில், ஒரு சாவில். ஆனால் பேசியதில்லை. கூடை முடிந்ததும் என்னை ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து டீ சொன்னான்.

"போட்டு என்னாச்சு?" என்றேன்.

"நல்லாதான் ஓடிச்சு. தோளு பூட்ச்சு. அப்பால வித்துட்டோம். அண்ணன் பசங்க எவனும் கடலுக்கு வர மாட்டேன்ட்டானுங்க. நான் இங்க கத்திகினு கீறேன்." டீயை ஆற்றினான். "ஒண்ணு சொல்லட்டா? எனக்கு கடல் புடிக்கவே புடிக்காது வாத்யாரே. சின்ன வயசுலருந்தே. வாந்தி வரும். அந்த மாடியறைதான் எனக்கு வேணும். பேரு போட்ட கட்டைகூட ஆர்டர் குட்த்து வாங்கிட்டேன். வூட்ல பசங்க அத்த வெச்சு கிரிக்கெட் ஆடுனானுங்க."

 விதிப்படி அன்று இயலாமல் போனது என்று ஆரம்பித்தேன். அந்த வயதிலும் அதைத்தான் ஆரம்பித்தேன்.

"அட உடு. விதி எனக்குத் தெர்ல, ஒத்துக்கிறேன். ஒரு வர்ஷம்னு அண்ணாச்சி சொன்னாரே, அது மெய்தானே?"

"மெய்தான்."

"அப்போ ஒரு வர்ஷம் பொறுடான்னு நீ என்னாண்ட ஏன் கேக்கல?"

"நீ முப்பதுன்னு சொல்லிட்டே. அன்னிக்கே முடிவு சொல்லணும்னு."

"நான்தான் சொன்னேன். கவுர்மென்டா சொல்ச்சு? என் வாயால நான் வெச்ச நாளு, நான் தள்ள மாட்டனா? அண்ணன்கிட்ட பேசியிருப்பேன். வேற ஏஜென்டுகிட்ட ஒரு வர்ஷம் ஓட்டியிருப்பேன். கேட்டிருந்தா குட்த்திருப்பேன் வாத்யாரே."

"அதை நீயாவது அன்னிக்கு சொல்லியிருக்கலாமே?"

அவன் சிரித்தான். கிண்டல் இல்லாத சிரிப்பு.

"நான் எப்டி சொல்வேன்? கப்பல் லைன்காரன் தானா வந்து, உனக்கு டைம் வேணுமான்னு கேப்பானா? பார்ட்டிதான கேக்கணும்? எத்தினி கப்பலுக்குப் போய் நீ கட்-ஆஃப் கேட்டு நின்ன. எவன் எவன் இறாலுக்கோ கெஞ்சின. எனக்கோசரம் ஒரு வாட்டி கேக்கலியேன்னு எனக்கு பேஜாரா இருந்துச்சு. அப்பால எனக்கே கோவம். நானும் வீம்பு புட்ச்சேன். முப்பதுன்னா முப்பதுன்னு. போட்ல மொத நாளு வாந்தி எடுக்கும்போது நெனச்சேன், இன்னா பெரிய முப்பது, எவன் கேட்டான் இத்தன்னு."

அடுத்த கூடை வந்தது. எழுந்து போனான். திரும்பி வரும்போது ஒரு பெரிய வஞ்சிரத்தை என் பையில் போட்டான். பணம் எடுக்கப் போனேன். "அசிங்கப்படுத்தாத" என்று சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டான்.

நான் கல்மண்டபம் வழியாக நடந்தேன். மருந்துக் கடை இருக்கிறது. மேலே அந்த அறையில் யாரோ டியூஷன் நடத்துகிறார்கள். ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவது கேட்டது. கீழே சிறிது நேரம் நின்றேன். பையிலிருந்து மீன் நீர் சொட்டியதும் நகர்ந்தேன்.

முப்பதை நெருங்குகிறவர்களுக்கு என்னிடம் வழிகாட்ட எதுவும் இல்லை. எந்தத் திசை சரி என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அந்த மாடியறைக்குப் போயிருந்தால் மூன்றாம் மாதமே நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்திருக்கலாம். தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் அஞ்சிக்கொண்டிருக்கும் நாளைக் குறித்தவர் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார், சில சமயம் நீங்களே. கொஞ்சம் நேரம் வேண்டுமென்றால் போய்க் கேளுங்கள். அவர்களாக வந்து கொடுக்க மாட்டார்கள். வாயால் கேட்டால் போதும். கடிதம் பிறகு வரட்டும்.